ரூம்மேட் தேடித் தரும் ஆப்: மூன்றரை நட்சத்திரமும் அதற்கான கணக்கும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. ரூம்மேட் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு இந்த ஆப் பரவாயில்லை ரகம். வேண்டுமா, தனியாகவே இருந்துவிடலாமா என்று இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு நான்கரைகூடக் கொடுக்கலாம். ஆனால் அப்படி இரண்டு மனதாக ஒருவர் வருவார் என்ற நினைப்பே இதைச் செய்தவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் வார்த்தவை வேறு சிலவும் இருக்கின்றன. கேள்வித்தாள், இத்தனை சதவீதப் பொருத்தம், சாட், அடையாளச் சரிபார்ப்பு, இரண்டு வார ஒத்திகைத் தங்கல், செலவைப் பிரிக்கும் கணக்கு என்று எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதே சரக்குதான். ஆகவே நான் சொல்வதில் பாதி நீங்கள் வைத்திருக்கும் ஆப்புக்கும் பொருந்தலாம்.

யார் சொல்கிறார்கள் என்று தெரியாமல் நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை, அதனால் என்னைப் பற்றியும் கொஞ்சம். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் நான் படுப்பேன். வயது முப்பதுகளின் நடுவில். ரூம்மேட்டோடும் இருந்திருக்கிறேன், தனியாகவும் இருந்திருக்கிறேன், எதன் மேலும் தனிப் பாசமோ பயமோ கிடையாது. கூட இருந்தவருக்கு வேலை மாற்றல் வந்து அவர் கிளம்பியதும், இரண்டு படுக்கையறை வீட்டின் முழு வாடகையும் என் தலையில் விழுந்தது. இன்னொரு ஆளைத் தேடலாமா, சின்ன வீடாகப் பார்த்துத் தனியாகப் போய்விடலாமா என்ற கேள்வியோடுதான் இந்த ஆப்பை இறக்கினேன்.

கேள்வித்தாளிலிருந்து ஆரம்பிக்கலாம். நீளமானது, பாதி வீண். "நீங்கள் எவ்வளவு சுத்தமானவர்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்" என்று ஒரு கேள்வி. இதற்கு யார் இரண்டு போடுவார்கள்? நான் புரட்டிப் பார்த்த விவரப் பக்கங்கள் அத்தனையிலும் நாலோ ஐந்தோதான். இவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான ஜோடிகளுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நாம் துடைத்த அடுப்பு நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் துடைத்தது நம் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான் காரணம். கட்டிக்கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், முன்பின் தெரியாத ஆள் தன்னைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு கேள்வி. "சாப்பிட்ட தட்டு கழுவாமல் சிங்க்கில் எத்தனை மணி நேரம் கிடந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும்?" இதை எழுதியவர் கட்டாயம் யாரோடோ சேர்ந்து வாழ்ந்து நொந்தவர். இதற்குக் குணத்தைச் சொல்ல முடியாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் இரண்டு மணி என்கிறார், இன்னொருவர் மறுநாள் காலை வரை என்கிறார். இரண்டு பேரும் சுத்தத்துக்கு நாலு போட்டவர்கள்தான். சண்டை எங்கே வெடிக்கும் என்பது சாவி கைமாறும் முன்பே தெரிந்துவிடுகிறது. கேள்வித்தாள் முழுவதையும் இப்படி எண்ணிலேயே கேட்டிருந்தால் இன்னொரு அரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

தூக்கத்துக்கென்று ஒரு பகுதி. நீங்கள் விடியற்காலை ஆளா, ராத்திரி ஆளா என்று அறியும் கேள்விகள். இது ஆப்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் இதற்கென்றே 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள், தூக்க ஆராய்ச்சியில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. ஆப்பில் இருப்பது அந்த வகையைச் சேர்ந்த ஒரு குட்டிப் பட்டியல். நல்ல யோசனைதான். ஆனால் எனக்குப் பயன்படவில்லை. "வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்கப் போவீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். எந்த வாரத்தில் என்று யாரிடம் கேட்பது? செவிலியர், காவலாளி, ஓட்டுநர், என்னைப் போல ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் என்று ஷிஃப்ட் ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கும் உலகத்தில் இது சின்னக் குறை இல்லை. கடைசியில் காலை ஷிஃப்ட் நேரத்தைப் போட்டேன். மற்றதை விவரக் குறிப்பில் எழுதினேன். அதை யாரும் படிக்கவில்லை என்பது சாட்டில் வந்த கேள்விகளிலேயே தெரிந்தது.

இப்போது அந்த ஒரு கேள்விக்கு வருகிறேன். கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்படி இருக்க வேண்டும்?" மூன்று விடைகள். பேச ஆள் வேண்டும். ஆள் இருந்தால் பரவாயில்லை, ஆனால் அமைதி வேண்டும். யாருமே இருக்கக்கூடாது.

ரூம்மேட்டா தனியா என்ற முடிவு முக்கால்வாசி இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. வாடகை, சமையல், கழிவறை சுத்தம் எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இது பேசித் தீராது. இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டு ஆப் என்ன செய்கிறது தெரியுமா? மூன்றாவது விடையைத் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எச்சரிக்கை எழும்புகிறது: "இந்தப் பதில் உங்களுக்கான பொருத்தங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும்." அதாவது, உண்மையைச் சொல்லாதே, சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். பத்தில் எட்டுப் பேர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நடு விடையைத்தான் தொடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் நடு விடையைத்தான் தொட்டேன். எச்சரிக்கை இல்லாதிருந்தால் எதைத் தொட்டிருப்பேன் என்பதைப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். அதற்கு வருகிறேன்.

பொருத்தச் சதவீதம். "உங்களுக்கென்றே பிறந்த ரூம்மேட் இங்கே உண்டு" என்பது போல ஒரு வாசகம் முதல் பக்கத்திலேயே வரும். அதை நம்பாதீர்கள், கணக்கே நம்ப விடாது. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் ஒரு நிரூபணம் தந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இரண்டு அணியாக நிற்க, ஒவ்வொருவரும் எதிரணியினரை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுத்தால், யாரும் யாரையும் விட்டு ஓடாத மாதிரி ஜோடி சேர்க்க எப்போதும் ஒரு வழி உண்டு. இந்தத் துறைக்கான பொருளியல் நோபல் 2012-இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் போனது. ஆனால் ரூம்மேட் விஷயத்தில் இரண்டு அணி கிடையாது, எல்லாரும் ஒரே கூட்டம். அங்கே அந்த உத்தரவாதம் செல்லாது என்பதையும் கேலும் ஷாப்லியும் அதே கட்டுரையில் காட்டிவிட்டார்கள்.

நாலு பேர் போதும். முதலாமவருக்கு இரண்டாமவரைப் பிடிக்கிறது, இரண்டாமவருக்கு மூன்றாமவரை, மூன்றாமவருக்கு முதலாமவரை. மூவரும் நாலாமவரைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இனி எப்படி ஜோடி போட்டாலும், நாலாமவரோடு மாட்டிக்கொண்டவர் மேல் ஆசைப்படும் ஓர் ஆள் அடுத்த அறையில் இருப்பார். அவருக்கும் இவர் மேல் நாட்டம் இருக்கும். இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், மூன்றே விதம்தான் உண்டு, மூன்றும் உடையும். ஒரு கூட்டத்தில் உடையாத ஜோடிகள் சாத்தியமா, சாத்தியமென்றால் எவை என்று வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியை 1985-இல் ராபர்ட் இர்விங் கொடுத்தார். சாத்தியமில்லை என்பதும் அதில் ஒரு நேர்மையான விடை. இந்த ஆப்பில் அந்த விடை வரவே வராது. எப்போது திறந்தாலும் யாரோ ஒருவர் 80-க்கு மேல் பொருந்திக்கொண்டுதான் இருக்கிறார்.

இதில் என்னை உறுத்தியது கணக்கு இல்லை. விருப்ப வரிசையில் "யாரும் வேண்டாம்" என்பதும் ஓர் இடம். இவருக்குக் கீழே இருப்பவர்களைவிட நான் தனியாகவே இருப்பேன் என்று கோடு கிழிக்கும் உரிமை. ஆப்பில் அந்தக் கோட்டைக் கிழிக்க வழியில்லை. பிடித்தவர், அதைவிடக் குறைவாகப் பிடித்தவர், அதைவிடக் குறைவாகப் பிடித்தவர் என்று பட்டியல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. நீங்களே ஒரு காகிதத்தில் அந்தக் கோட்டை முதலில் கிழித்துக்கொண்டு, அதன் பிறகு ஆப்பைத் திறங்கள். நாலைந்து விவரப் பக்கங்கள் பார்த்ததும் எல்லாரும் கோட்டுக்குக் கீழேயே விழுகிறார்கள் என்றால் உங்களுக்கு ஆப் தேவையில்லை, சின்ன வீடுதான் தேவை.

அடையாளச் சரிபார்ப்பு நன்றாக இருக்கிறது, குறை இல்லை. வீடியோவில் முகத்தைக் காட்டிய பிறகுதான் முகவரி பகிர முடியும்.

சாட் சுமார். சந்தா கட்டாதவர்களின் செய்தி பாதி மறைத்துத்தான் தெரியும், எரிச்சல்.

ஒத்திகைத் தங்கல்தான் ஆப்பின் உயிர். ஒப்பந்தம் போடும் முன் இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்து பார்க்கலாம். அந்த நாட்களுக்கு மட்டும் வாடகைப் பங்கு, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். என்னிடம் வந்தவள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், அனிமேஷன் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. பொருத்தம் 88 என்று காட்டியது. நல்ல பெண். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரூம்மேட் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கெட்ட ரூம்மேட் கதையைத்தான் எழுதுகிறார்கள், அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. கெட்ட ஆளோடு இருக்க முடியாது என்பது யாருக்குத்தான் தெரியாது? நல்ல ஆளோடு இருந்து பார்த்தால்தான் நமக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா என்பது தெரியும்.

முதல் நாளே வாடகையைப் பிரித்தோம். ஆப்பில் இதற்கு ஒரு கருவி இருக்கிறது, தாராளமாகப் பாராட்டுவேன். இரண்டு அறையும் ஒன்றல்ல. ஒன்று பெரியது, ஜன்னல் உண்டு, வெளிச்சம் கொட்டும். இன்னொன்று சின்னது, இருட்டு. பாதிப் பாதி என்று பிரித்தால் யாருக்கோ அநியாயம். கருவி ஒவ்வொரு தடவையும் ஒரு பிரிப்பைக் காட்டும், இந்த விலைக்கு எந்த அறை வேண்டும் என்று இருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே அறையைக் கேட்டால் அதன் விலை ஏறும், மற்றது இறங்கும். இருவரும் வேறு வேறு அறையைக் கேட்கும் புள்ளியில் நிற்கும். அப்படி ஒரு புள்ளி, சில சாதாரண நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எத்தனை பேர் இருந்தாலும் உண்டு என்று 1999-இல் ஃபிரான்சிஸ் சூ என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 1928-இல் ஸ்பெர்னர் என்பவர் முக்கோணங்களின் மூலைகளுக்கு நிறம் பூசுவது பற்றி நிறுவிய ஒரு துணைத்தேற்றம். முக்கோணத்துக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் கணக்குக்கு வேலையே வைக்கவில்லை. பகலில் தூங்கும் எனக்கு இருட்டறைதான் சொர்க்கம். அவளுக்கு வெளிச்சம் வேண்டும். "அக்கா, நிஜமாவே உங்களுக்கு அந்தச் சின்ன ரூம் போதுமா? எனக்காக விட்டுக்கொடுக்கலையே?" என்று இரண்டு தடவை கேட்டாள். விட்டுக்கொடுக்கவில்லை, எனக்கு லாபம். அப்படிப் பிரித்ததில் மனக்கசப்பு துளியும் இல்லை. ரூம்மேட்டோடு இருக்கப்போகிற யாரும், இந்த ஆப் இல்லாவிட்டாலும், காகிதத்திலாவது இதைச் செய்துகொள்ளுங்கள். "யாருக்கு எந்த அறை" என்பதையும் "யார் எவ்வளவு" என்பதையும் ஒரே மூச்சில் முடிவு செய்யுங்கள், தனித்தனியாகப் பேசாதீர்கள்.

ஆள் இருப்பதன் அருமையையும் அந்த இரண்டு வாரத்தில் பார்த்தேன். நான் ஷிஃப்டில் இருந்த ஒரு ராத்திரி சமையலறைக் குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் பீறிட்டிருக்கிறது. அவள் வால்வைத் தேடிப் பிடித்து மூடி, வீட்டு உரிமையாளரை எழுப்பி, தரையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் எனக்குச் செய்தி அனுப்பினாள். தனியாக இருந்திருந்தால் காலையில் நான் கதவைத் திறக்கும்போது கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்றிருப்பார்.

சத்தம்தான் பிரச்சினையாக இருக்கும் என்று முதலில் நினைத்திருந்தேன். போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். துல்லியம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தூங்கும் அறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, இடையிடையே வரும் தனிச் சத்தம் 45-ஐத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஆப்பின் கேள்வித்தாளோ "அமைதி, மிதம், கலகலப்பு" என்று மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது. என் அறையில் அவள் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் எடுத்த அளவுகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வேலை. அலமாரிக் கதவை விரலை வைத்து மெதுவாகச் சாத்துவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள்.

அப்படியும் தூக்கம் வரவில்லை. அவள் சத்தத்தில் நான் விழிக்கவில்லை. சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறாளே, பாவம், அவள் வீட்டில் அவளே திருடி மாதிரி நடக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன். இதை எந்தக் கருவி அளக்கும்?

இரண்டாவது வாரக் கடைசியில் ஒப்பந்தம் பற்றிப் பேச உட்கார்ந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நீங்க தனியாவே இருங்கக்கா. கதவத் திறக்கும்போது ஒரு முகத்தோட வர்றீங்க. என்னப் பார்த்ததும் வேற முகத்த எடுத்து மாட்டிக்கிறீங்க. நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா ட்யூட்டி முடிஞ்சு வந்து இன்னொரு ட்யூட்டி பாக்குற மாதிரி இருக்கு. எனக்கே பாவமா இருக்கு."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அப்போதும் அந்த முகத்தைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். கேள்வித்தாளின் மூன்றாவது விடைக்கு எச்சரிக்கை வைத்தவர்கள் இந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பணத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆசை மட்டும் போதுமா? ஆப்பில் "எவ்வளவு மிச்சம்" என்று ஒரு கணிப்பான் இருக்கிறது, சுத்த விளம்பரம். எல்லாச் செலவையும் இரண்டால் வகுத்துவிட்டு, பாதி மிச்சம் என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. அப்படி இல்லை. இணையக் கட்டணம் சரியாகப் பாதியாகும். ஃப்ரிட்ஜ் ஒருவருக்கு ஓடினாலும் இருவருக்கு ஓடினாலும் மின்சாரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பஸ் கட்டணமும் மருந்துச் செலவும் உங்கள் உடைகளும் யாரோடு இருந்தாலும் பாதியாகாது. வாடகையிலும், தனியாகப் போகிறவர் இரண்டு படுக்கையறை வீட்டுக்கா போகப்போகிறார்? சின்ன வீட்டோடுதானே ஒப்பிட வேண்டும்?

பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி போன்ற அமைப்புகள் குடும்ப வருமானங்களை ஒப்பிடும்போது வர்க்கமூலக் கணக்கு ஒன்று வைத்திருக்கின்றன. ஒரே தரத்தில் வாழ, ஒருவருக்கு 1 பங்கு தேவை என்றால் இருவர் கொண்ட வீட்டுக்கு 2 பங்கு தேவையில்லை, இரண்டின் வர்க்கமூலமான 1.41 போதும். தலைக்கு 0.71. அதாவது சேர்ந்திருப்பதில் மிச்சம் பாதி இல்லை, 29 சதவீதம்தான். தனியாகப் போகிறவர் பக்கம் நின்று பார்த்தால் ஏறக்குறைய 41 சதவீதம் கூடுதல் செலவு. இது எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கான தோராயம். ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு வைத்திருக்கும் ரூம்மேட்களுக்கு மிச்சம் இன்னும் குறையத்தான் செய்யும். என் கணக்கைப் போட்டேன். வித்தியாசம் 41-க்குக் கணிசமாகக் கீழேதான் வந்தது. கடிக்கும், ஆனால் முழுங்கிவிடலாம். சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவது மாதக் கடைசி வரை தாங்காது என்ற நிலையில் இருப்பவருக்கு என் பேச்சு பொருந்தாது. அவருக்கு ஆள் வேண்டுமா என்ற கேள்வியே இல்லை, எந்த ஆள் என்பதுதான் கேள்வி.

அப்படிப்பட்டவர்களுக்காக ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. ஆப் தரும் மாதிரி ஒப்பந்தம் படு மெலிசு. கழிவறையை யார் எந்தக் கிழமை கழுவ வேண்டும் என்று கட்டம் போட்டிருக்கிறது. நடுவில் ஒருவர் கிளம்பினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணத்தில் அவர் பங்கை யார் எப்போது திருப்பித் தர வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது யார் பொறுப்பு, அதுவரை வாடகை யாருடையது என்பதெல்லாம் இல்லவே இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால், ஒருவர் தராத பங்கையும் மற்றவரிடமே கேட்டு வாங்கும் உரிமை பல நாடுகளில் வீட்டு உரிமையாளருக்கு உண்டு. உங்களுக்குள் போட்டுக்கொண்ட பாதிப் பாதி அவரைக் கட்டுப்படுத்தாது. மாறாக, ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் கடன் முழுக்க அவருடையது, இன்னொருவருக்கோ அந்த வீட்டில் நிற்கவே பிடிமானம் குறைவு. எந்தப் பக்கத்தில் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். சுத்தத்துக்குப் போட்ட கட்டத்தைவிட, பிரிவதற்குப் போட்ட நாலு வரிதான் பின்னால் நட்பைக் காப்பாற்றும்.

பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நான் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுக்கு மாறிவிட்டேன். அதில் எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். குழாய் விட்டுப்போனால் நான்தான். காய்ச்சல் வந்தால் எழுந்து தண்ணீர் எடுப்பதும் நான்தான். தீர்ந்துபோன எதையும் யாரும் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன்: மாற்றுச் சாவி கூப்பிடு தூரத்தில் இருக்கும் தோழியிடம், ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வால்வை மூடிவிடுவது, தினமும் ஒரு நேரத்துக்குள் என் செய்தி வராவிட்டால் கூப்பிடச் சொல்லி அக்காவிடம் ஏற்பாடு. தனியாக இருக்க முடிவெடுப்பவர்கள் வீடு பார்க்கும் முன்பே இந்த மூன்றுக்கும் வழி பார்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது அந்த முதல் ஒரு மணி நேரம். பையைக் கீழே போட்டுவிட்டு, எந்த முகமும் இல்லாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உருப்படாத காட்சி. மாதக் கூடுதல் செலவு முழுவதும் அதற்குத்தான் போகிறது, வருத்தமில்லை.

அந்தப் பெண்ணுக்கு இதே ஆப்பில் வேறு வீடு கிடைத்தது, அவளைப் போலவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு பேரோடு. பொருத்தம் 74-ஆம். நன்றாக இருக்கிறது, மூன்று பேரும் ராத்திரி உட்கார்ந்து பேசித் தீர்க்கிறோம் என்கிறாள். அவள் அந்தக் கேள்விக்கு முதல் விடையைத் தொட்டவளாம். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லையாம்.

நட்சத்திரக் கணக்கு: வாடகை பிரிக்கும் கருவிக்கு ஒன்று, ஒத்திகைத் தங்கலுக்கு ஒன்று, அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒன்று, சரிபார்ப்புக்கு அரை. ஆரஞ்சு எச்சரிக்கையை எடுத்துவிட்டு, ஷிஃப்ட் ஆட்களுக்கு இரண்டாவது தூக்கக் கட்டம் ஒன்றையும் வைத்தால் நாலாக்கிவிடுகிறேன்.

சந்தாவை நிறுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கிப் புதுப்பித்தலைத் தனியாக அணைக்க வேண்டும். அப்போது காரணம் கேட்கும். ரூம்மேட் கிடைத்துவிட்டார், வேறு ஆப்புக்கு மாறுகிறேன், கட்டணம் அதிகம், மற்றவை என்று நாலுதான் இருக்கின்றன. "மற்றவை"யைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும், குறைந்தது இருபது எழுத்தாவது எழுதினால்தான் பொத்தான் வேலை செய்யும். நான் "தனியாக இருக்கப்போகிறேன், நன்றி" என்று எழுதினேன். மறுநாள் காலை, 91 சதவீதம் பொருந்தும் ஒருவர் எனக்காகக் காத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அறிவிப்புகளையும் தனியாக அணைக்க வேண்டும்.